ஓய்வுக்குப் பின்னும் பணி: முதலாளியும் ஊழியரும் எழுதிக்கொள்ள வேண்டியவை

நவம்பர் மாதத்தில் மாட்டுங்காவின் எந்த வங்கிக் கிளைக்குச் சென்றாலும் ஓய்வூதியம் பெறுவோரின் வரிசை ஒன்றைக் காணலாம். ஆண்டுக்கு ஒருமுறை அளிக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழுக்காக வருபவர்கள் அவர்கள். 2014-ஆம் ஆண்டு முதல் இதை மின்னணு முறையில் அளிக்கும் வசதி உண்டு. ஆயினும் கிளைக்கு நேரில் வந்து, நான்கு பேரைப் பார்த்துப் பேசிவிட்டுச் செல்வதையே விரும்புவோர் இப்பகுதியில் மிகுதி.

அந்த வரிசையில் சில ஆண்டுகளாக ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறேன். முன்பு அவர்களில் எவரும் அவசரப்பட்டதில்லை. இப்போது பலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கின்றனர். "சற்றுச் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் சார், பதினோரு மணிக்குள் கடையில் இருக்க வேண்டும்" என்கின்றனர். ஓய்வூதியம் பெறுகிறவர், வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லும் காலம் வந்துவிட்டது.

மாட்டுங்காவுக்கு இது ஒரு புதிய கட்டம். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, ரயிலேறி பம்பாய் வந்த நம் முன்னோர் இங்கே குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவித் தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் 1915 முதல் இயங்கிவரும் மாட்டுங்கா ரயில்வே பணிமனையிலும் உழைத்தனர். அவர்களுக்கு ஓய்வு என்பது ஒரு நாள். அன்று மாலை ஒரு சால்வை, ஒரு மாலை, ஒரு குழுப் புகைப்படம். மறுநாள் காலை நடைப்பயிற்சிக்கு ஐந்து தோட்டம். இன்றைய தலைமுறைக்கு ஓய்வு அப்படி ஒரே நாளில் வருவதில்லை. அது சில ஆண்டுகள் நீளும் ஓர் இறங்குபடி. அந்தப் படிகளில் தடுமாறாமல் இறங்குவது எப்படி என்பதையும், வேலை கொடுப்போர் அதற்கு எவ்வாறு தம்மை மாற்றிக்கொள்கின்றனர் என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஓய்வு வயது எங்கிருந்து வந்தது?

மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு வயது முதலில் 55 ஆக இருந்தது. 1962-இல் அது 58 ஆகவும், 1998-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. தமிழ்நாடு அரசு 2020-இல் 58-ஐ 59 ஆக்கி, மறு ஆண்டே 60 ஆக்கியது. ஆந்திரப் பிரதேசம் 2022-இல் 62-க்குச் சென்றது.

தனியார் துறைக்கு நாடு முழுவதற்குமான ஒரே ஓய்வு வயது கிடையாது. நியமன ஆணை, நிறுவனத்தின் விதிகள் அல்லது தொழிற்சங்க ஒப்பந்தம் எதைச் சொல்கிறதோ அதுவே வயது. பல நிறுவனங்கள் 58-ஐப் பின்பற்றுவதற்கு முக்கியக் காரணம், தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் (1995) அந்த வயதில் முழு ஓய்வூதியத்தைத் தொடங்குவதுதான்.

ஆனால் வாழ்நாள் இந்த எண்களைக் காட்டிலும் வேகமாக நீண்டுவிட்டது. இன்று இந்தியாவில் 60 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக மேலும் சுமார் 18 ஆண்டுகள் வாழ்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் சற்று அதிகம். தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவருக்கும் மேல். பதினெட்டு ஆண்டு வாழ்க்கையைச் சேமிப்பை மட்டும் நம்பி நடத்த இயலாதவர்கள் வேலையைத் தொடர விரும்புகின்றனர். அனுபவம் மிக்க ஊழியரை இழக்க விரும்பாத முதலாளிகள் அவர்களை விடுவதாக இல்லை. இரு தரப்புக்கும் விருப்பம் இருக்கிறது. இல்லாதது ஒரு தாள்.

எழுதப்படாத ஒரு திங்கட்கிழமை

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவர் மொத்த வணிக நிறுவனம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கராக இருந்தவர். 58 வயது நிறைந்த அன்று முதலாளி அவருக்குப் பொன்னாடை போர்த்தி, வெள்ளி விளக்கு ஒன்றைப் பரிசளித்தார். விழா முடிந்து கிளம்பும்போது, "திங்கட்கிழமை வழக்கம்போல வந்துவிடுங்கள், நீங்கள் இல்லாமல் இங்கு என்ன நடக்கும்?" என்றார். இவரும் மகிழ்ச்சியோடு சென்றார். அரை நாள் வேலை, பாதி ஊதியம் என்று வாய்மொழியாக முடிவாயிற்று. பணிக்கொடையைப் பற்றி இருவருமே பேசவில்லை. "எங்கே போய்விடப் போகிறது?" என்று இருந்துவிட்டனர்.

மூன்று ஆண்டுகள் கழித்து முழங்கால் வலியால் அவர் வேலையை விட்டார். அப்போதுதான் பணிக்கொடைக் கணக்கு வந்தது. பணிக்கொடையின் சூத்திரம் எளியது: கடைசியாகப் பெற்ற மாத ஊதியத்தை (அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும்) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். புரிந்துகொள்ள வசதியாக முழு எண்களில் பார்ப்போம்.

58 வயதில் அவருடைய ஊதியம் 26,000 ரூபாய் எனக் கொள்வோம். அன்றே கணக்கு முடித்திருந்தால், ஆண்டுக்கு 15,000 வீதம் முப்பது ஆண்டுகளுக்கு 4,50,000 ரூபாய். மூன்று ஆண்டுகள் கழித்து, பாதி ஊதியமான 13,000 ரூபாயை "கடைசி ஊதியம்" என்று வைத்துக் கணக்கிட்டால், ஆண்டுக்கு 7,500 வீதம் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு 2,47,500 ரூபாய். கூடுதலாக மூன்று ஆண்டுகள் உழைத்ததற்குக் கிடைத்த பலன், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இழப்பு.

இதில் எவரும் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. முதலாளியின் கணக்காளர் பதிவேட்டில் இருந்த கடைசி ஊதியத்தை எடுத்தார், அவ்வளவுதான். 58 வயதில் பணி முடிந்தது என்பதைக் காட்ட ஒரு கடிதமும் இல்லை. பல நாள் பேச்சுக்குப் பிறகு இடைப்பட்ட ஒரு தொகையில் விவகாரம் முடிந்தது. முப்பது ஆண்டு நட்பும் அத்துடன் முடிந்தது. "பணத்தைவிட அதுதான் சார் வருத்தம்" என்று அவர் எங்கள் கிளையில் அமர்ந்து சொன்னார்.

பணிக் காலத்தை முறையாக முடித்து, புதிய ஒப்பந்தத்தை முறையாகத் தொடங்கியிருந்தால் இரண்டும் மிஞ்சியிருக்கும்.

வேலை கொடுப்போர் கையாளும் வழிகள்

வயது முதிர்ந்த ஊழியரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதற்கு இன்று மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, பணி நீட்டிப்பு. ஓய்வு வயதையே உயர்த்துவது அல்லது அதே பதவியில் ஓரிரு ஆண்டுகள் தொடரச் செய்வது. ஊழியருக்கு இது மிகவும் நல்லது. ஆனால் கீழே இருப்பவர்களின் பதவி உயர்வு தடைப்படும். இதற்கு மத்திய அரசு தன் மருத்துவர்கள் விஷயத்தில் ஒரு தீர்வைக் கண்டது. அவர்களின் ஓய்வு வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் 62 வயதுக்குப் பின் நிர்வாகப் பதவிகளை விட்டுவிட்டு, சிகிச்சை, கற்பித்தல் போன்ற பணிகளில் மட்டுமே தொடர வேண்டும் என்று 2017-இல் முடிவாயிற்று. நாற்காலியை இளையவருக்குக் கொடுத்துவிட்டு, தொழிலைத் தொடரும் ஏற்பாடு இது.

இரண்டாவது, மறுநியமனம். ஓய்வு கொடுத்து, கணக்கு முடித்து, பிறகு ஒப்பந்த அடிப்படையில் மீண்டும் சேர்த்துக்கொள்வது. இந்திய ரயில்வே ஓய்வுபெற்ற ஊழியர்களை 65 வயது வரை இவ்வாறு எடுத்துக்கொள்கிறது. கடைசி அடிப்படை ஊதியத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தைக் கழித்து, மீதியை மாத ஊதியமாக வழங்குவது அங்கு வழக்கம். கணக்கு இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிவதால் பின்னர் மனக்கசப்புக்கு இடமில்லை.

மூன்றாவது, வேறு வடிவில் பணி. ஆலோசகர், பயிற்சியாளர், பகுதிநேரப் பணியாளர் ஆகியோர் இவ்வகையினர். வங்கித் துறையிலும் இதற்கு இடமுண்டு. சிற்றூர்களில் வங்கியின் சார்பாகச் சேவை வழங்கும் வணிகத் தொடர்பாளர்களாக ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், அரசு ஊழியர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரை அமர்த்த 2008-இல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது.

வெளிநாட்டு அனுபவம்

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூர் இதில் தெளிவான சட்டம் வகுத்திருக்கிறது. அங்கு இரண்டு வயதுகள் உண்டு. ஒன்று ஓய்வு வயது. அதற்கு முன் வயதைக் காரணம் காட்டி எவரையும் நீக்க இயலாது. மற்றொன்று மறுவேலை வயது. தகுதியும் உடல்நலமும் உள்ள ஊழியருக்கு அதுவரை மீண்டும் வேலை அளிக்க நிறுவனம் முன்வர வேண்டும். 2022 ஜூலையில் இவை 63, 68 ஆயின. 2026 ஜூலை 1 முதல் 64, 69 என்று அரசு அறிவித்தது. மறுவேலை ஒப்பந்தம் குறைந்தது ஓராண்டுக்கு இருக்க வேண்டும். பொருத்தமான வேலை இல்லையெனில் நிறுவனம் ஊழியருக்கு உதவித்தொகை வழங்க வேண்டும். இதற்கான பேச்சை ஓய்வு நாளுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குமாறு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. நம் கணக்கரின் கதையில் இல்லாமற்போனது அந்த ஆறு மாதப் பேச்சுதான்.

ஜப்பானில் 65 வயது வரை வேலைக்கு வழிசெய்வது நிறுவனங்களின் கடமை. 2021 முதல் 70 வயது வரை அதற்கு முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் ஓய்வு வயதை உயர்த்தவில்லை. ஓய்வு கொடுத்து, குறைந்த ஊதியத்தில் மறுநியமனம் செய்கின்றன. அதே லாரியை அதே வழியில் ஓட்டும் ஓட்டுநர்களுக்கு ஊதியம் மட்டும் குறைந்தது பற்றிய வழக்கு ஒன்று 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஓய்வுக்குப் பின் ஊதியம் குறைவதே தவறாகாது என்ற நீதிமன்றம், முழு வருகைக்கான படியை மட்டும் மறுத்தது முறையன்று எனத் தீர்ப்பளித்தது. வயது கூடினாலும் நாள் தவறாமல் வருவதன் மதிப்பு குறைவதில்லை அல்லவா?

ஊதியத்தைக் குறைப்பதற்கு முன் வேலையை மாற்றிப் பார்க்கலாம் என்பதை ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் காட்டியது. 2007-இல் டிங்கோல்ஃபிங் ஆலையில் 42 பேர் கொண்ட ஓர் உற்பத்திப் பிரிவில், பத்தாண்டுக்குப் பின் வரப்போகும் சராசரி வயதுக்கு ஏற்ப மூத்தவர்களைக் கூடுதலாக அமர்த்தினர். என்ன மாற்ற வேண்டும் என்று அந்த ஊழியர்களையே கேட்டனர். மரத் தளம், உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, உருப்பெருக்கிக் கண்ணாடி, உயரத்தை மாற்றக்கூடிய மேசை, இடையிடையே உடற்பயிற்சி என்று எழுபது சிறு மாற்றங்கள் நடந்தன. மொத்தச் செலவு ஏறத்தாழ 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது.

மாட்டுங்கா முதலாளிகளுக்கு

பெரிய ஆலை வைத்திருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று எண்ண வேண்டாம். நம் பகுதியின் உணவகத்துக்கும் அச்சகத்துக்கும் பாத்திரக் கடைக்கும் இது பொருந்தும். கல்லாவில் நிற்பவருக்கு முதுகு சாயும் நாற்காலி ஒன்று. பரண் மீது ஏறிச் சரக்கு எடுக்கும் வேலை இளையவருக்கு. கணினித் திரையில் எழுத்து பெரிதாக, மேசையின் மேல் விளக்கு ஒன்று கூடுதலாக. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு தீபாவளிப் பரிசின் அளவே.

மும்பையில் இன்னொன்று இருக்கிறது. அறுபது வயதுக்காரருக்கு அலுவலகத்தில் செய்யும் வேலை கடினமன்று. காலை ஒன்பது மணி லோக்கல் ரயிலில் ஏறுவதே கடினம். பதினொன்று முதல் நான்கு வரை என்று நேரத்தை மாற்றிக் கொடுத்தால் ஒரு ரூபாய் செலவில்லாமல் அவருடைய உழைப்பின் ஆயுளைச் சில ஆண்டுகள் கூட்டலாம்.

மூத்தவரைத் தொடர வைப்பது இளையவரின் வாய்ப்பைப் பறிப்பதாகும் என்ற ஆட்சேபம் உண்டு. அவரைப் பழைய பொறுப்பில் அப்படியே வைத்திருந்தால் அது உண்மையாகவும் ஆகலாம். ஆகவே மறுநியமன ஒப்பந்தத்தில், புதியவருக்கு வேலை கற்றுத் தருவதை ஒரு பணியாகவே எழுதுங்கள். எந்த வாடிக்கையாளர் எப்போது பணம் தருவார், எந்தச் சரக்கு எந்த மாதத்தில் விலை ஏறும் என்ற அறிவு பேரேட்டில் இருப்பதில்லை. அவர் மனத்தில் இருக்கிறது. அவர் விடைபெறுமுன் அது கைமாற வேண்டும்.

ஊழியர்கள் அறிய வேண்டிய கணக்கு

வேலையைத் தொடர எண்ணுவோர் கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஓய்வூதியம்: குறைந்தது பத்தாண்டு தகுதிப் பணி இருந்தால், 58 வயது நிறைந்ததும் வேலையில் நீடித்துக்கொண்டே தொழிலாளர் ஓய்வூதியத்தைப் பெறலாம். வேலையை விட்டால்தான் கிடைக்கும் என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். விரும்பினால் 60 வயது வரை தள்ளிப்போடலாம். ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். தள்ளிப்போடுவது எப்போதும் லாபம் என்று கருத வேண்டாம். மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம் எனில், பங்களிப்புச் செலுத்தாமல் இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டால் விட்டுக்கொடுப்பது 72,000 ரூபாய். பிறகு கூடுதலாகக் கிடைப்பது மாதம் சுமார் 240 ரூபாய். விட்டதை ஈடுகட்ட ஏறத்தாழ 25 ஆண்டுகள், அதாவது 85 வயது வரை ஆகும். பங்களிப்பைத் தொடர்ந்தால் கணக்கு சற்று மாறும். தள்ளிப்போடுமுன் உங்கள் எண்களை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

வருங்கால வைப்பு நிதி: இதற்கு வயது வரம்பில்லை. 58 வயதுக்குப் பின் ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி செலுத்தி வந்த பகுதியும் உங்கள் வைப்பு நிதியிலேயே சேரும். மறுநியமனத்தில் இந்தப் பங்களிப்பு தொடருமா என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணிக்கொடை: மேலே சொன்ன காரணத்தால், ஊதியம் குறைவதற்கு முன் பழைய பணிக் காலத்தின் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவம்: ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருந்தவர்கள், ஓய்வு நாளுக்கு முன்பே தனிக் காப்பீட்டை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

சேமிப்பு: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயது நிறைந்தோருக்கானது. 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு பெற்றவரும், ஓய்வுப் பலன்களைப் பெற்ற மூன்று மாதத்துக்குள் அந்தத் தொகையை இதில் இடலாம். உச்ச வரம்பு 30 லட்சம் ரூபாய். ஆனால் ஓய்வு பெற்றதற்கான நிறுவனத்தின் சான்று வேண்டும். இங்கும் அந்த ஒரு தாள் தேவைப்படுகிறது.

ஓய்வு வயதே இல்லாதவர்கள்

மாட்டுங்காவிலிருந்து ரயில் பாதையைக் கடந்தால் தாராவி. அங்கே தோல் தைப்பவருக்கும் மண்பாண்டம் வனைபவருக்கும் ஓய்வு வயதை எவரும் நிர்ணயிக்கவில்லை. உடல் மறுக்கும் வரை உழைப்பதே அங்கு வழக்கம். அவர்களிடம் போய், இன்னும் சில ஆண்டுகள் உழையுங்கள் என்று சொல்வது பொருளற்றது. அவர்களுக்கு வேண்டியது நிறுத்திக்கொள்ளும் உரிமை. 18 முதல் 40 வயது வரையுள்ள, வருமான வரி செலுத்தாதவர்கள் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தால், 60 வயது முதல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை உறுதியான ஓய்வூதியம் பெறலாம். உங்கள் வீட்டிலோ கடையிலோ வேலை செய்யும் இளையவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். இருபத்தைந்து வயதில் தொடங்கினால் தவணை சிறியது. முப்பத்தொன்பதில் அது சுமையாகிவிடும்.

ஒரு பக்கக் கடிதம்

இறுதியாக, ஓய்வுக்குப் பின் தொடரும் ஒவ்வொருவருக்கும் முதலாளிக்கும் இடையே ஒரு பக்கக் கடிதம் வேண்டும் என்பதே என் பரிந்துரை. அதில் ஏழு செய்திகள் போதும்: பழைய பணி முடிந்த தேதி, அதற்குரிய பணிக்கொடை வழங்கப்பட்ட விவரம், புதிய ஒப்பந்தத்தின் காலம், வேலை என்ன, நேரம் என்ன, ஊதியம், வைப்பு நிதி, விடுப்பு, மருத்துவம் ஆகியவை தொடருமா என்பது, விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது. இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும்.

முப்பது ஆண்டு பழகியவரிடம் கடிதம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர் தயங்குகின்றனர். அந்தத் தயக்கத்தின் விலையை எங்கள் கிளையில் அமர்ந்து ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நட்பு இருக்கும்போது எழுதும் கடிதம் எளிதாக எழுதப்படும். அது கெட்ட பிறகு வழக்கறிஞரே எழுத வேண்டியிருக்கும்.

உங்களுக்கோ உங்கள் நிறுவனத்தில் ஒருவருக்கோ அடுத்த ஆண்டு 58 வயது நிறைகிறதா? வரும் நவம்பருக்காகக் காத்திராமல், உங்கள் கணக்குப் புத்தகத்தோடு இப்போதே ஒருமுறை அருகிலுள்ள கிளைக்கு வாருங்கள். ஓய்வுப் பலன்களை எங்கே, எவ்வளவு காலத்துக்கு இடுவது என்று சேர்ந்தே கணக்கிடுவோம்.